படித்துக் காட்டியவள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அறுபத்து மூன்று வயது, விரல் லேசாக நடுங்குகிறது. இருந்தாலும் நீங்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கும் அளவுக்கு இருக்காது. பதிவுக் கருவியில் பேசிக் கொடுத்தால் போதும் என்றீர்கள். எனக்குப் பேச்சு வராது. எழுத்துதான் வரும்.

அண்ணியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள், சந்தோஷம். நாற்பத்திரண்டு வருடம் மேடையிலும் திரையிலும் நின்றவளுக்கு ஒரு புத்தகம் கூட இல்லாவிட்டால் எப்படி. நீங்கள் என்னிடம் கேட்டது, அறுபத்தோரு வயதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கதையின் நடுவில் நிற்கிற வேடம் கைக்கு வந்த நேரத்தில், அவள் ஏன் நடிப்பை விட்டாள் என்பது. ஞாபக மறதி என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளுக்கும் சொன்னோம். சொன்னது நான்தான். அது சரியான பதில் இல்லை. சரியான பதிலை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பிடிக்காது.

அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. என்னை வளர்த்தது அண்ணன்தான். நாடகக் குழு ஒன்றில் விளக்கு பார்த்தான். யார் முகத்தில் எந்த வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. பார்த்துப் பார்த்து ஒரு முகத்தையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்போது அண்ணிக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினாலு. நாத்தனார் என்றால் கதைகளில் வில்லி என்று உங்களுக்கே தெரியும். அண்ணி பின்னாளில் நடித்த படங்களில் பாதிக்கு மேல் ஒரு நாத்தனார் வந்து கண்ணைக் கசக்க வைப்பாள். "எங்க வீட்டு நாத்தனாரை ஒரு நாள் வந்து பாருங்க, கதையையே மாத்திடுவீங்க" என்று எழுத்தாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சொல்லும்போது என் தோளில் கை போட்டிருப்பாள்.

அவள் வந்த முதல் வாரத்தில் நாடக நோட்டீஸ் ஒன்றை என்னிடம் நீட்டி, "இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விரலை வைத்துக் காட்டினேன். கடைசி வரி, வேலைக்காரி என்ற வேடத்துக்கு எதிரே இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதை உங்கள் புத்தகத்தில் போடலாம், இனிமேல் யாருக்கும் நஷ்டமில்லை. ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டவள் அவள். கையெழுத்தைப் படம் வரைவதுபோல வரைவாள். வசனத்தை அண்ணன்தான் படித்துக் காட்டுவான். கல்யாணமான ஐந்தாம் வருடம் காய்ச்சலில் அவன் போய்விட்டான். போன மூன்றாவது வாரம் புது நாடகம். அண்ணி சமையலறையில் என் எதிரே ஒரு கூடைப் பூண்டோடு உட்கார்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "இனிமே நீதான் படிச்சுக் காட்டணும், வாத்தியாரம்மா" என்றாள். எனக்குப் பத்தொன்பது வயது. அன்று வைத்த பெயர் கடைசி வரை நிலைத்துவிட்டது.

அவள் கற்றுக்கொள்ளும் விதம் இதுதான். கைக்கு ஏதாவது வேலை வேண்டும், பெரும்பாலும் பூண்டு உரிப்பாள். நான் உணர்ச்சியே இல்லாமல் படிக்க வேண்டும். கொஞ்சம் குரல் ஏறினாலும் "உன் அழுகை எனக்கு வேணாம், ஒட்டிக்கும்" என்பாள். முதல் தடவை கேட்பாள். இரண்டாம் தடவை உதடு அசையும். மூன்றாம் தடவை என்னோடு சேர்ந்து சொல்லுவாள். அவ்வளவுதான், அப்புறம் அது போகாது. ஒரு பக்க வசனத்துக்கு ஒரு பிடி பூண்டு கணக்கு. எங்கள் வீட்டில் உரித்த பூண்டு எப்போதும் மிச்சம் கிடக்கும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வருவார்கள். முப்பத்து நாலு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் நான் எதையும் படித்ததில்லை.

அவளுக்கு இளமை வேடம் என்று ஒன்று கிடைத்ததே இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு கிழவி நடிகைக்கு உடம்பு சரியில்லை என்று முக்காட்டைப் போட்டு மேடையில் தள்ளினார்கள். அன்றோடு வயசாகிவிட்டது. முப்பத்தொரு வயதில் திரைக்கு வந்தபோது, அவளுக்கு மகனாக நடித்த கதாநாயகன் அவளைவிட நாலு வயது மூத்தவர். காமிராவுக்கு முன்னால் "அம்மா" என்று காலில் விழுவார். கட் சொன்னதும் "என்ன தங்கச்சி, சாப்பிட்டியா?" என்பார். ஒரே வருடத்தில் பதினோரு தடவை செத்திருக்கிறாள். மாமியார், மாடி வீட்டுக்காரி, நர்ஸ், நீதிபதி, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிறவள் என்று எதைக் கொடுத்தாலும், இயக்குநரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "இவ காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பா?" பலருக்கு பதில் தெரியாது. அவளே ஒரு நேரத்தை முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து நடையையும் முதுகையும் கையையும் எடுத்துக்கொள்வாள். நாலரை மணிக்கு எழுகிறவளும் ஏழு மணிக்கு எழுகிறவளும் ஒரே மாதிரி கதவைத் திறக்க மாட்டார்கள் என்பாள்.

அவள் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தலைமையாசிரியையாக நடித்த படம். ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டே முகம் மாறுகிற காட்சி. கண் ஒவ்வொரு வரியாக நகர்ந்து, ஒரு இடத்தில் நின்று, பின்னால் போய் மறுபடி வரும். "படிப்பதை இவ்வளவு நிஜமாக யாரும் நடித்ததில்லை" என்று எழுதினார்கள். அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. ஏதாவது எழுதியிருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. ஒரு வாரம் என் எதிரே உட்கார்ந்து நான் செய்தித்தாள் படிக்கும்போது என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியில் நகர்வது என் கண். இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.

எனக்கு இருபத்தொன்பது வயதில் ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டு வந்தார். அமைதியானவர், பேசும்போது தரையைப் பார்ப்பார். அண்ணிக்கு அப்போது கையில் ஐந்து படம். நான் போய்விட்டால் யார் படித்துக் காட்டுவார்கள், ரகசியம் என்ன ஆகும் என்று யோசித்து மறுத்துவிட்டேன். அவளுக்காக என் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அண்ணி அன்று என் முன்னால் கைகூப்பி, "போடி, தயவு செஞ்சு போ, நான் வேற வழி பார்த்துக்கறேன்" என்று அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா.

அவளுக்கு அறுபது முடிந்த வருடம் ஒரு மத்தியானம், கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். முன்னறையில் நாற்காலி ஜன்னல் பக்கம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அண்ணி மருந்துப் பெட்டியின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "உண...வுக்...குப்... பின்..." என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள்.

மேக்கப் போடும் பெண் ஐந்து மாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தினம் காலையில் முகத்தில் பூச்சு போடுவதற்கு முன் ஐந்து எழுத்து. பவுடர் டப்பாவின் மூடியில் புருவப் பென்சிலால் எழுதி, படித்ததும் துடைத்துவிடுவார்களாம். அந்தப் பெண் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள், வெளியே சொல்லவில்லை. நல்ல பெண்தான்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு கேக்காதே" என்றாள் அண்ணி. "எனக்கு அறுபது. பழமொழி ஐம்பதோட முடிஞ்சுபோச்சு."

ஒரு தாளை எடுத்து என் பெயரை எழுதிக் காட்டினாள். ஒரு கால் விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

"முப்பத்து நாலு வருஷம் என்னைச் சுமந்துட்டே, வாத்தியாரம்மா. இனிமே நானே படிச்சுக்கறேன். நீ உன் இஷ்டத்துக்கு இரு. எங்கயாவது போய்ட்டு வா. நாலு ஊர் பாரு."

என் இஷ்டம் என்ன என்று அவள் கேட்கவில்லை. காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். அழுதேன் என்று நினைக்காதீர்கள். பால் பொங்கும் வரை அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடமாக ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வழியாகத்தான் அவளுக்குள் போயிருக்கிறது. அது முடியப்போகிறது என்று தெரிந்தபோது, இந்த வீட்டில் நான் யார் என்று எனக்கு விளங்கவில்லை. நாத்தனார். அதுவும் செத்துப்போனவனின் தங்கை.

படப்பிடிப்பில் கொடுக்கும் தாள்களில் எழுத்து பொடியாக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அது ஆகாது. அதனால் ஒவ்வொரு காட்சியையும் நானே பெரிய பெரிய எழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தேன். என் உதவி வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் இதைச் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கைவேலை எதுவும் இல்லாமல், பூண்டு இல்லாமல், விரலை வைத்து அவளே படித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. முடித்ததும் குழந்தைபோல என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன்.

முதல் தப்பு வேண்டுமென்று நடந்ததில்லை. நகலெடுக்கும்போது "முந்தாநாள்" என்பதை "நேற்று" என்று எழுதிவிட்டேன். படப்பிடிப்பில் அண்ணி "நேத்து" என்றாள். கூட நடித்தவர் விழித்தார். உதவி இயக்குநர் ஓடி வந்து, "அம்மா, முந்தாநாள்மா" என்றான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்று இயக்குநர் சிரித்தார். ஆனால் அண்ணிக்கு அது நடந்ததே இல்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாள். இரண்டு மாதமாக அவள் என்னை அப்படித் தேடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கக் காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நீ மூணு தரம் படிச்சுக் காட்டு, அதுதான் எனக்குச் சரி" என்றாள்.

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது, அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்ததில் சொல்ல விட்டுப்போனது. வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு "முந்தாநாள்" என்று போட்டு இன்னொரு நகல் எழுதி அதே இடத்தில் வைத்தது. அண்ணி போய் எடுத்துப் பார்த்தாள். விரலை வைத்துப் படித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு நகல் எழுதினேன். ஒன்று படிப்பதற்கு, இன்னொன்று திரும்பி வந்து பார்ப்பதற்கு. நிறைய உழைப்பு. ஒரு படத்தில் பெயர்களை இடம் மாற்றினேன். இன்னொன்றில் கேள்வியை பதிலாக்கினேன். நானே படித்துக் காட்டிய காட்சிகளிலும் அப்படித்தான், ஏனென்றால் அவள் கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்ல வேண்டும். கூடை கூடையாகப் பூண்டு உரித்தாள். எல்லாவற்றையும் பிசகில்லாமல் மனப்பாடம் செய்தாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் தப்பாகக் கொடுத்ததை அவள் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

ஒரு வருடத்தில் பேச்சு பரவியது. "ஒன் மோர்மா, பரவாயில்லைமா" என்று எல்லோரும் இதமாகத்தான் சொன்னார்கள். அந்த இதம்தான் அவளைத் தின்றது. யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

அப்போதுதான் அந்த இளம் இயக்குநர் வந்தார். எங்கள் முன்னறையில் தரையில் உட்கார்ந்து கதை சொன்னார். ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் தரை துடைத்த ஒரு கிழவி. அவள் மகன் அதே ஆஸ்பத்திரியில், பூட்டியிருந்த ஒரு கதவுக்கு வெளியே செத்துப்போகிறான். கடைசியில் விசாரணைக் குழுவின் முன்னால் அவள் பேசுகிறாள். நாலு பக்கம், ஒரே ஷாட், இடையில் வெட்டு கிடையாது. "இது உங்களுக்குன்னே எழுதினதும்மா. நீங்க மாட்டேன்னா படத்தையே எடுக்க மாட்டேன்." அண்ணி வழக்கம்போல, "இவ எத்தனை மணிக்கு எழுந்திருப்பா?" என்று கேட்டாள். "மூணே முக்காலுக்கும்மா" என்றார் உடனே. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அண்ணன் இருந்த காலத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவளைப் பற்றி வெளியே பேசுவது அவர் காதிலும் விழுந்திருந்தது. "அதெல்லாம் நான் நம்பலம்மா" என்றார் போகும்போது.

வேலை முப்பத்தைந்து நாள் நடந்தது. முதல் முப்பது நாளும் நான் சரியான நகல்களையே கொடுத்தேன். ஒரு தப்பு வரவில்லை. "பார்த்தியா, சரியாயிட்டேன்" என்று தினமும் சொல்லுவாள். மேக்கப் போடும் பெண் வந்து, அம்மா இப்போதெல்லாம் பேனர்களைக்கூடப் படிக்கிறார் என்றாள். இந்தப் படம் வந்தால் இன்னும் பத்துப் படம் வரும், அவளே எல்லாவற்றையும் படித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசிக் காட்சியின் நாலு பக்கத்தை நான் நகலெடுக்கவில்லை. நானே எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. எனக்கு அதற்கு முன் எதையும் எழுதிப் பழக்கமில்லை, ஆனால் முப்பத்தைந்து வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், எது ஓடும் எது இடறும் என்று தெரியாமல் இருக்குமா. அதே கிழவி, அதே விசாரணை. மகனுக்குப் பதில் தங்கையைப் பற்றிப் பேசுகிறாள். கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்:

"எனக்கு ஒரு தங்கச்சிங்கய்யா. நான் மூணே முக்காலுக்கு எழுந்திருப்பேன், அவ மூணரைக்கே எழுந்து என் செருப்பை வாசல் பக்கமா திருப்பி வெச்சிருப்பா. என் பேரு உங்க நாலு பேருக்குத் தெரியும். அவ பேரு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செத்தா நீங்கல்லாம் வருவீங்க. அவ செத்தா நான் ஒருத்திதான் வரணும். அதனாலதாங்கய்யா நான் இன்னும் சாகாம இருக்கேன்."

அண்ணி விரலை வைத்து இதைப் படித்தாள். இந்த இடத்தில் விரல் நின்றது. "இவளுக்குத் தங்கச்சி இருக்கறதா டைரக்டர் சொல்லவே இல்லையே?"

"புதுசா சேர்த்திருக்காங்க அண்ணி."

திரைக்கதையில் அப்படி மாறுவது சகஜம், அவள் நம்பினாள். "நல்லா இருக்கு" என்றாள் கொஞ்சம் கழித்து. "யாரோ பட்டு எழுதியிருக்காங்க."

ஒத்திகை வேண்டாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அம்மா முதல் தடவை சொல்வதுதான் தனக்கு வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். அந்த நம்பிக்கைதான் எனக்கு வசதியாகப் போயிற்று. நீளமான மேஜை, அந்தப் பக்கம் நாலு அதிகாரிகள், இந்தப் பக்கம் ஒரு மர நாற்காலி. அண்ணி உட்காரவில்லை. துடைத்த தரையில் நடக்கிறவள் மாதிரி ஓரமாக நடந்து வந்து நின்றாள். பேச ஆரம்பித்தாள்.

முதல் அரைப் பக்கத்தில் உதவி இயக்குநர் தன் கையிலிருந்த தாளைப் புரட்டுவது கேட்டது. இன்னொருவன் இயக்குநரிடம் ஏதோ சொல்லக் குனிந்தான். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. நாலு பக்கத்தையும் அவள் முடித்தாள். ஒரு மூச்சுகூட இடம் மாறவில்லை. நான் சுவரோரம் நின்று, என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டேன். தங்கச்சி என்று வந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. அதை நான் எழுதவில்லை, அவளாகச் செய்தது. என் வாழ்க்கையில் அந்த ஆறு நிமிடம்போல வேறொன்று இருந்ததில்லை.

இயக்குநர் எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்தக் கதைல தங்கச்சியே கிடையாதும்மா" என்றார்.

அண்ணி சிரித்தாள். "நீங்கதானே புதுசா சேர்த்தீங்க? வாத்தியாரம்மா சொன்னாளே." சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். "வாங்க அண்ணி, கொஞ்சம் உட்காரலாம்" என்றேன். இயக்குநரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் மேஜைமேல் சரியான நகல் இருந்தது, என் கையெழுத்தில், மகனைப் பற்றிய நாலு பக்கம். அண்ணி புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து படித்தாள். ஜன்னலில் வெயில் தாழும் வரை படித்தாள். "இதையா நான் படிச்சேன்?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"அப்போ அந்தத் தங்கச்சி எங்கிருந்து வந்தா?"

நான் பூண்டுக் கூடையை எடுத்து உள்ளே வைத்தேன்.

இனிமேல் காமிரா முன்னால் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். எடுத்ததை விட்டுவிட்டு முதலிலிருந்து எடுத்தார்கள், அந்த வேடத்தை வேறொருவர் செய்தார், படம் நன்றாகப் போயிற்று, உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படம் காட்டி, கணக்குக் கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி என்னென்னவோ சோதித்தார். வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அண்ணி வெளியே போன பிறகு, அடுப்பை அணைக்க மறக்கிறாள், என்னையே சில நேரம் யார் என்று கேட்கிறாள் என்று சொன்னேன். கூட இருப்பவர் சொல்வதைத்தானே அவர் நம்ப முடியும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு அவளுக்குக் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பேச்சு இழுக்கும்.

எழுத்துகளை அவளே விட்டுவிட்டாள். "இந்த வயசுல படிக்கப் போனேன் பாரு, அதுலதான் மூளை குழம்பிப்போச்சு. பேராசை" என்றாள். மேக்கப் போடும் பெண் இரண்டு முறை வந்தாள். அம்மா தூங்குகிறார் என்று சொன்னேன். அப்புறம் அவளும் வரவில்லை.

ஒன்பது வருடம் இந்த வீட்டில் இருவரும் நன்றாக இருந்தோம். தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு நான் எதையாவது மறந்தேனா?" என்று கேட்பாள். அதைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். சில நாள் இல்லை என்பேன். நான் கொடுமைக்காரி இல்லை. ஆமாம் என்று சொன்ன நாட்களில் என் கையை விடமாட்டாள்.

சென்ற வாரம் வந்தபோது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அந்த இயக்குநர் அன்றைய காட்சியை அழிக்காமல் வைத்திருப்பதாகவும், உங்களுக்குப் போட்டுக் காட்டியதாகவும். "அதைப் பார்த்தால் புத்தி கலங்கியவர் பேசுகிற மாதிரி இல்லை. யாரோ உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கிறது" என்றீர்கள். நீங்கள் போன பிறகு அதைப் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த நாலு பக்கத்தின் முதல் நகலை மட்டும் நான் கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். புத்தகத்தில் போடுவதாக இருந்தால், கீழே எழுதியவர் பெயரையும் போடுங்கள். அவள் நடித்ததிலேயே சிறந்த காட்சி அதுதான் என்று நீங்களே சொன்னீர்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் சளி கட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் மத்தியானம் மூச்சு கொஞ்சம் சீராக இருந்தது. அங்கே வந்ததிலிருந்து என் மாத்திரை அவளுக்குக் கொடுக்கப்படவில்லை, கண் தெளிவாக இருந்தது. நர்ஸ் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உளறினேனே, அது மட்டும் எனக்கு மறக்கவே இல்ல. சொல்லட்டுமா?" என்றாள்.

சொன்னாள். ஒன்பது வருடம் கழித்து, படுத்தபடியே, நாலு பக்கமும். இடையிடையே மூச்சுக்காக நிறுத்தினாள், வார்த்தைக்காக நிறுத்தவில்லை. தங்கச்சி வந்த இடத்தில் குரல் அதேபோல உடைந்தது. நர்ஸ் தலையணையைப் பிடித்தபடி நின்று அழுதுகொண்டிருந்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. எழுதிய எனக்குத் தெரியாதா.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொன்னேனா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணி புத்திசாலி. நாலு பக்கத்தை ஒன்பது வருடம் பிசகில்லாமல் வைத்திருக்கிறவளுக்கு மறதி எங்கே இருக்கிறது என்று அடுத்த நிமிடமே கேட்டிருப்பாள்.

"ரெண்டு இடத்துல மாறிப்போச்சு அண்ணி" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையைத் தேடிப் பிடித்தாள். "மன்னிச்சுக்கோடி. உன்னை ரொம்பப் படுத்திட்டேன்" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.